ஊசி பிடித்த கை, தூரிகை பிடிக்கும்போது

கேள்வி: எனக்கு வயது 63. 22 வயதில் பிறந்த நாட்டை விட்டு வந்தேன். தையல் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு பெண்கள் உடைகளுக்கு டிசைனராகி, மொத்தம் ஏறத்தாழ நாற்பது வருடம் வேலை பார்த்தேன். சிறுவயதில் ஓவியராகத்தான் ஆசைப்பட்டேன். பிழைப்பு துணியின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஓய்வுபெற்ற பிறகு ஒன்றரை வருடமாக எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். நான் வரையும் மனிதர்கள் எல்லாம் ஃபேஷன் ஸ்கெட்ச் போலவே வருகிறார்கள். வண்ணங்கள் கலங்கிச் சேறாகின்றன. மீந்த பாப்ளின் துணியைச் சட்டத்தில் அடித்து, ஒரு கோட் ஜெசோ (கேன்வாஸுக்குப் போடும் வெள்ளை அடிப்பூச்சு) பூசி வரைந்த படங்களின் பின்பக்கம் மஞ்சள் வளையங்கள் தெரிகின்றன. முன்பக்கம் கறுப்பு அடிப்பூச்சுக்கு மேலே வெடிப்பு விட்டிருக்கிறது. வரைவது தைக்கும் அறையிலேயேதான். வெட்டுத்துணியில் தூரிகையைத் துடைத்து, மூலையில் உள்ள பையில் போட்டு வைக்கிறேன். பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கும் துணித்துண்டுகளைப் படத்தில் பயன்படுத்தலாமா? விட்டு வந்த ஊரை வரைவதா, வாழும் ஊரை வரைவதா? இந்த வயதில் இது வெறும் பொழுதுபோக்குதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்த மூலையில் இருக்கும் பையை இன்றைக்கே அறையைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிப் பைக்குள் திணித்த துணியில் சூடு வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போய், நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலேயே சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். தையல் அறையில் சுற்றிலும் துணி, நூல், பஞ்சு. மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் பாதிவரை தண்ணீர் ஊற்றி வைத்து, துடைத்த துணியை உடனே அதில் முக்கி மூடுங்கள். இல்லையென்றால் வெளியே திறந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், ஒற்றை அடுக்காக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள். வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனையும் அந்த அறையில் தவிர்த்துவிடலாம். வேலை முடிந்ததும் தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்து, கொஞ்சம் எண்ணெயில் அலசி, மறுபடி துடைத்து, சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். மெல்லிய முதல் பூச்சுக்கு மட்டும், வண்ணத்தைக் கரைக்க, மணமற்ற மினரல் ஸ்பிரிட் கொஞ்சம் வேண்டியிருக்கும். அப்போது சன்னலைத் திறந்து வையுங்கள். மணம் இல்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகிவிடாது.

இனி படத்துக்கு வருவோம். உங்கள் மனிதர்கள் ஸ்கெட்ச் போல வருவதற்கு முதல் காரணம் இது: நீங்கள் எல்லா ஓரத்தையும் அடித்துவிடுகிறீர்கள். உடையில் ஓரம் அடிக்காமல் விட்டால் நூல் பிரியும், அது குறை. நாற்பது வருடம் கை கற்ற பாடம் அது. படத்தில் அதே பழக்கம் ஒவ்வொரு உருவத்தையும் வெட்டி ஒட்டிய காகிதப் பொம்மையாக்கிவிடுகிறது. ஒளியில் நிற்கும் ஒருவரைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வெளிச்சம் படும் தோளின் விளிம்பு கத்தி போலத் தெரியும். நிழல் பக்கத்து இடுப்பு எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த இடத்தில் கோடு போடக்கூடாது. இரண்டு நிழலும் ஒன்றோடொன்று கரைந்து போகட்டும். ஒரு படத்தில் கூரான விளிம்பு நான்கைந்து இடத்தில் இருந்தால் போதும். மற்றவற்றை ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் ஒருமுறை இழுத்து மென்மையாக்கிவிடுங்கள்.

உருவம் ஸ்கெட்ச் போல வருவதற்கு இன்னொரு காரணம் அளவு. ஃபேஷன் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு வரைவது வழக்கம்; சிலர் பத்துக்கும் போவார்கள். உண்மையான மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை. கூடுதலாக வரும் ஒன்றரைத் தலையில் பெரும்பகுதி காலுக்குத்தான் போகிறது, கொஞ்சம் கழுத்துக்கு. எனவே தலையை எண்ணுவதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. நிற்பவரின் உயரத்தில் சரிபாதி, கால்கள் பிரியும் கவட்டை ஒட்டித்தான் விழும். உங்கள் படத்தில் உச்சந்தலையிலிருந்து கவடு வரை ஒரு நூலால் அளந்து, அதே நூலைக் கவட்டிலிருந்து குதிகால் வரை வைத்துப் பாருங்கள். கால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது தூக்குநூல். ஒரே காலில் பாரத்தைப் போட்டு நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து நேராக நூல் விட்டால், அது பாரம் தாங்கும் காலின் கணுக்கால் பக்கம் வந்து நிற்கும். விலகிப் போனால் உருவம் சாய்ந்து விழுவது போலத் தோன்றும். ஃபேஷன் ஸ்கெட்சில் இதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே பார்ப்பது உடையை.

உட்காரும் தூரத்தையும் கவனியுங்கள். ஊசி வேலை கண்ணுக்கு 30, 40 செ.மீ. தொலைவில் நடக்கும், அசைவது விரலும் மணிக்கட்டும். அந்தத் தூரத்திலேயே கேன்வாஸையும் வைத்தால், ஒவ்வொரு சதுர அங்குலமும் தனித்தனியாக அழகாக வரும். மொத்தப் படம் சேராது. நின்று வரையுங்கள். தூரிகையைப் பென்சில் போலக் கழுத்தில் பிடிக்காமல் வால்பகுதியில் பிடியுங்கள். தோளிலிருந்து கை அசையட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். படிக்கும் கண்ணாடி ஊசித் தூரத்துக்குப் போட்ட பவர். ஈஸல் (படத்தை நிறுத்தும் தாங்கி) 60, 70 செ.மீ. தள்ளி இருக்கும். அந்த இடைத்தூரத்துக்குத் தனிக் கண்ணாடி வேண்டும் என்று கண் மருத்துவரிடம் அளவைச் சொல்லியே கேளுங்கள். "வயதாகிவிட்டது, விளிம்பு தெரியவில்லை" என்று வருந்துபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இதுதான். கை நடுங்கினால் மீட்டர் குச்சியைச் சட்டத்தின் மேல்விளிம்பில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொள்ளலாம். ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்வது.

வண்ணம் சேறாவதைப் பற்றி. துணி வேலையில் நிறம் முடிவானதாகவே கைக்கு வருகிறது. ஷேட் கார்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எந்தெந்தச் சாயம் கலந்தது என்பது சாயப்பட்டறையின் கவலை. இங்கே பட்டறையும் நீங்கள்தான். கலவைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ட்யூப், கூடவே வெள்ளை. மூன்றாவது நிறம் தேவைப்பட்டால் அந்தக் கலவையை வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ட்யூபின் பின்புறம் பிக்மென்ட் எண், அதாவது நிறமி எண், அச்சிட்டிருக்கும். ஒரே எண் இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று எண் இருந்தால் அது ஏற்கெனவே கலவை. அப்படி இரண்டு ட்யூபைக் கலந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே ஆறு நிறமி சேர்ந்துவிடும். அதுதான் சேறு.

தொடங்குவதற்கு ஐந்து ட்யூப் போதும் (அடைப்புக்குள் இருப்பது பிக்மென்ட் எண்): டைட்டானியம் ஒயிட் (பி.டபிள்யூ. 6), அல்ட்ராமரின் நீலம் (பி.பி. 29), எல்லோ ஓக்கர் (பி.ஒய். 43 அல்லது 42), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7), ஒரு குளிர்ந்த (நீலம் சாய்ந்த) சிவப்பு. சிவப்பை வாங்கும்போது பி.ஆர். 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சனைத் தவிர்த்து, பி.ஆர். 177 அல்லது பி.வி. 19 பாருங்கள். அலிசரின் உங்களுக்குப் பழக்கமான சாயம்தான். மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுத்துத் துணிக்கு ஏற்றியது. 1868இல் ஆய்வகத்திலேயே செய்தார்கள். மெல்லிய பூச்சாகவோ வெள்ளையோடு கலந்தோ வைத்தால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். சாயம் வெளுக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. வெளிச்சத்தில் சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று அளக்க ஜவுளிக்குப் பயன்படும் 1 முதல் 8 வரையிலான நீலக் கம்பளி அளவுகோலேதான் ஓவிய நிறமிகளுக்கும் பயன்படுகிறது. சந்தேகமான ட்யூப் எதுவானாலும் ஒரு பட்டை பூசிக் காயவைத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள்.

கறுப்பு ட்யூபைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும் அடர்நிறம் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் வெம்மை. வெள்ளை சேர்த்தால் அதுவே சாம்பல் வரிசை. இந்த ஒரு ஜோடியை மட்டும் வைத்து, வெள்ளை முதல் கருமை வரை ஐந்து படிகளைக் கத்தியால் கலந்து பேலட்டில் (வண்ணம் கலக்கும் தட்டில்) ஐந்து குவியலாக வையுங்கள். வெள்ளைத் துணி ஒன்றை நாற்காலிமேல் போட்டு, பக்கவாட்டில் ஒரே விளக்கை எரியவிட்டு, அந்த ஐந்து குவியலை மட்டும் கொண்டு வரையுங்கள். 25 × 30 செ.மீ. அளவு, ஒரு மணி நேரம், 20 மி.மீ. தட்டைத் தூரிகை ஒன்று, 10 மி.மீ. ஒன்று. இதைப்போல இருபது படம். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது சரியாக இருந்தால் நிறம் கொஞ்சம் தப்பினாலும் படம் நிற்கும். நிழலின் அடர்த்தி தப்பினால் எவ்வளவு நல்ல நிறமும் காப்பாற்றாது. சேறு என்று நீங்கள் சொல்வதில் பாதி, வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரே தூரிகையைத் துடைக்காமல் கொண்டுபோவதால் வருவது. இரண்டுக்கும் தனித்தனித் தூரிகை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இருபது படத்தில் வேறு யாருக்கும் இல்லாத முன்னிலை உங்களுக்கு உண்டு. ஓவிய மாணவர்கள் துணி மடிப்பை வரையத் திணறுவது, மடிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாததால்தான். உங்களுக்குத் தெரியும். துணி எதையாவது பற்றித் தொங்குகிறது. தோள், முழங்கை, நாற்காலி முனை. அந்தப் புள்ளியிலிருந்துதான் மடிப்புகள் விசிறி போலப் பிரியும். நேர்நூலில் வெட்டிய துணி குழாய்க் குழாயாக இறங்கும். கிராஸில் (மூலைவாட்டில்) வெட்டியது உடலோடு ஒட்டி வழியும். இரண்டு புள்ளிக்கு இடையே தளர்ந்து தொங்கினால் தொட்டில் போல வளையும். முழங்கை மடங்கும் இடத்தில் உள்பக்கம் நசுங்கி வளைவளைவாகச் சுருங்கும். ஒரு மடிப்பை வரையும்போது மூன்றே பாகம்: வெளிச்சம் விழும் முகடு, திரும்பும் பக்கம், பள்ளத்தின் நிழல். பள்ளத்துக்குள் பக்கத்து மடிப்பிலிருந்து தெறிக்கும் மங்கலான வெளிச்சத்தைக் கவனித்து வையுங்கள். ஆனால் அதை முகட்டைவிட வெளிச்சமாக்கிவிடாதீர்கள். ஆக்கினால் துணி தகரம் போலாகிவிடும். பட்டும் சாட்டினும் வரையும்போது முகடு பளிச்சென்று சட்டென முடியும். பருத்தியில் மெல்லத் தேயும். துணியின் ரகத்தைச் சொல்வது நிறம் அல்ல, அந்த வெளிச்சம் முடியும் விதம்.

உங்கள் பாப்ளின் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றமாட்டார்கள் அல்லவா? கேன்வாஸுக்கும் அப்படித்தான். எண்ணெய் நேரடியாகப் பருத்தி நூலில் இறங்கினால் நாளடைவில் நூலை இற்றுப்போகச் செய்யும். பின்பக்கம் தெரியும் மஞ்சள் வளையம், எண்ணெய் ஊடுருவியதன் அடையாளம். ஒரு கோட் ஜெசோ அதைத் தடுக்காது. முதலில் நிறம் சேராத அக்ரிலிக் மீடியம் இரண்டு கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அதற்குமேல் அக்ரிலிக் ஜெசோ மூன்று அல்லது நான்கு கோட், ஒன்றுக்கொன்று குறுக்கு வாட்டில். இடையில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நாள் விட்டு எண்ணெய் வண்ணத்தைத் தொடுங்கள். வளையம் விழுந்த படங்களைச் சரிசெய்ய வழியில்லை. பயிற்சி என்று எடுத்து வையுங்கள்.

பாப்ளினே சட்டத்துக்கு ஏற்றதில்லை. 110, 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி ஜெசோவின் இழுப்பைத் தாங்காது. 300 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் சாதா நெசவுக் காட்டன் டக் (கனத்த பருத்தித் துணி) அல்லது லினன் எடுங்கள். எலாஸ்டேன் கலந்த, இழுத்தால் நீளும் துணி கூடவே கூடாது. பாவும் ஊடையும் சட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சுற்றிலும் 5 செ.மீ. கூடுதல் விட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதல் பின், பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மூலையை நோக்கி 4, 5 செ.மீ. இடைவெளியில். ஒரு பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் துணி கிராஸாக இழுபட்டு அலை விழும். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாப்ளினைக் கைவிட மனமில்லையென்றால் மரப்பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தால் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டி, மேலே சொன்ன கோட்டுகளைப் போட்டு, பலகை வளையாதிருக்கப் பின்பக்கமும் ஒரு கோட் ஜெசோ கொடுங்கள். அந்த மெல்லிய நெசவில் முகம் வரைவது சுகமாக இருக்கும்.

வெடிப்புக்குக் காரணம் கறுப்பு. ஐவரி பிளாக் அதிக எண்ணெயைக் குடிக்கும் நிறமி, மெதுவாக உலரும். அதன்மேல் சீக்கிரம் உலரும் பூச்சைப் போட்டிருப்பீர்கள். பழுப்பு அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் வேகமாக உலரும். மேல்தோல் இறுகிய பிறகும் அடியில் அசைவு இருந்தால் மேல்தோல் கிழிந்துதான் ஆகும். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் அதிகம் என்பதே விதி. முதல் பூச்சுக்குப் பர்ன்ட் அம்பரை மினரல் ஸ்பிரிட்டில் மெல்லிசாகக் கரைத்துப் பூசுங்கள். அடுத்த பூச்சில் ட்யூபில் உள்ளபடி. அதற்கடுத்ததில் சில துளி எண்ணெய். நகத்தால் அழுத்தினால் பதியாத பிறகே அடுத்த பூச்சு. எண்ணெய்க்குமேல் அக்ரிலிக்கை ஒருபோதும் பூச வேண்டாம், அக்ரிலிக்குக்கு மேல் எண்ணெய் பூசலாம். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் கூடாது. கனமான பூச்சென்றால் ஒரு வருடம்.

துணித்துண்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அக்ரிலிக்கோடு. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். விடாத பருத்தி, லினன் நல்லது. மேட் ஜெல் மீடியத்தைப் பலகையிலும் துணியின் பின்புறத்திலும் பூசி ஒட்டி, மேலே மெழுகுத்தாள் போட்டுப் புத்தகக் கனத்தில் இரவு முழுக்க வையுங்கள். காய்ந்தபின் மேலேயும் ஒரு கோட். பட்டு வெளிச்சத்தில் சீக்கிரம் நலிந்துவிடும், அதை நேர்வெயில் படாத சுவருக்கு வையுங்கள். ஒரே எச்சரிக்கை: மிக அழகான பிரிண்ட் துண்டுகளை முதலில் எடுக்காதீர்கள். அந்தத் துண்டே படமாகிவிடும். நீங்கள் செய்ய எதுவும் மிஞ்சாது. வெளிறிய ஒற்றை நிறத் துண்டுகள்தான் வண்ணத்தோடு பேசும்.

பொழுதுபோக்கா என்று கேட்டீர்கள். ஓவியர் சோனியா டெலோனே இன்றைய உக்ரைனில் 1885இல் பிறந்து, இருபது வயதையொட்டிப் பாரிஸுக்கு வந்தவர். 1911இல் கைக்குழந்தைக்காகத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வை இன்று பாரிஸின் பொம்பிடு மையத்துச் சேகரிப்பில் ஓவியங்களோடு இருக்கிறது. 1917 புரட்சியில் ரஷ்யாவிலிருந்து வந்த வருமானம் நின்றுபோக, உடையும் துணி டிசைனும் அவர் குடும்பத்தைத் தாங்கின. 1964இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் அவருக்குக் கண்காட்சி நடத்தியது. உயிரோடிருக்கும் பெண் ஓவியர் ஒருவருக்கு அங்கே நடந்தது அதுவே முதல்முறை. அவரும் அவர் கணவரும் பின்பற்றிய வண்ணக் கோட்பாடும் சாயத்தொட்டியிலிருந்து வந்ததுதான். பாரிஸின் கோபெலின் கூடம் சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகளை நெய்யும் இடம். அதன் சாயப் பொறுப்பாளரான வேதியியலாளர் செவ்ரெலிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும் அதை அப்படிக் காட்டின. 1839இல் அதை நூலாக எழுதினார். திரைச்சீலை செப்பனிடும் குடும்பத்தில் பிறந்து 1938இல் நியூயார்க்குக்குக் குடிபோன சிற்பி லூயிஸ் பூர்ஷுவா, தான் உடுத்திச் சேர்த்து வைத்த பழைய உடைகளையே எடுத்துக் கலைப்படைப்பாக்கியது எண்பது வயதுக்கு மேல். உங்களிடம் இருப்பது தவறவிட்ட நாற்பது வருடம் அல்ல. வண்ணத்தோடும் துணியோடும் கழிந்த நாற்பது வருடம்.

எந்த ஊரை வரைவது என்பதற்கு நான் நேரடியாகப் பதில் சொல்வேன்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நினைவிலிருந்து வரைந்தால் கை தனக்குத் தெரிந்த பழைய ஸ்கெட்சையே கொண்டுவந்து வைக்கும். பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால், நிழலெல்லாம் ஒரே கறுப்பாக அடைபட்டிருக்கும். அதன் உள்ளே என்ன இருந்தது என்று கண்ணால் தேட முடியாது. கண்முன் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வரும்போது உடுத்தி வந்த, அல்லது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த உடை ஏதாவது இன்னும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஹேங்கரில் மாட்டாதீர்கள், மாட்டினால் கடைச் சரக்காகிவிடும். கழற்றிப் போட்டதுபோல் நாற்காலி முதுகில் போடுங்கள். உடையின் ஒரு கை மட்டும் கீழே தொங்கட்டும். இடதுபக்கம் ஒரு விளக்கு. ஒளியின் நிறம் பகல் வெளிச்சம் போல 5000 கெல்வினுக்குப் பக்கமாக, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரவில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும். ஐந்து சாம்பல் குவியலில் ஒரு படம். அடுத்த வாரம் நிறத்தில் ஒரு படம். ஒரு மாதம் கழித்து அதே உடையைக் கசக்கி வேறுபக்கம் போட்டு மூன்றாவது. நாற்காலியின் நிழல் பக்கத்து விளிம்பைச் சுவரில் கரைய விடுங்கள். தொங்கும் கையிலிருந்து தொடங்குங்கள், பட்டன்களையும் தையலையும் கடைசிப் பத்து நிமிடம்வரை தொடாதீர்கள்.